வியன்னாவுக்குப் போன பங்காளி

வியன்னாவுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் அரண்மனையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அந்த அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தேன், அதுவும் மழைக்கு ஒதுங்கியபோது. நாங்கள் போன வேலை வேறு. பெண் பார்க்கப் போனோம். பெண் எனக்கு இல்லை.

அப்போது நான் போலந்தில் மாணவன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேரளத்து மலையில், சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு, கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, எர்ணாகுளத்தில் ஹோட்டல் அடுப்படி என்று எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒட்டாமல் அலைந்தேன். விட்ட பரீட்சையைத் தனியாக எழுதித் தேறி, இருபத்தெட்டு வயதில் ஹோட்டல் நிர்வாகம் படிக்க விமானம் ஏறினேன். வகுப்பு வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் ஒரு கிடங்கில் பார்சல் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. குளிரில் விரல் விறைத்துப் பெட்டி கைநழுவும். மேற்பார்வைக்காரன் கத்துவான். அவன் பாஷையில் கத்துவதால் மனதில் தங்காது. எங்கள் தோட்டத்தில் கங்காணி தமிழில் கத்துவார். அந்த வகையில் எனக்கு அது முன்னேற்றம்தான்.

கல்லூரியில் மலையாளிகள் நிறைய. கேரளத்துக்காரன் என்று நம்பி ஓணத்துக்கு இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்ததும் தமிழன் என்று அண்ணாச்சி ஆக்கிவிட்டார்கள். சரி என்று தமிழ்ப் பையன்களிடம் போனால், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வாங்க சேட்டா" என்றார்கள். இந்த மரியாதை எனக்கு மட்டுமில்லை, பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியிலிருந்து வந்திருந்த இன்னொரு தமிழருக்கும் கிடைத்தது. விடுதியில் அறை பிரிக்கும்போது ஒரு மலையாளி, "ரெண்டு அண்ணாச்சிமாரும் ஒரு ரூமில் கெடக்கட்டே" என்று தீர்ப்புச் சொன்னான். எனக்கு மாப்பிள்ளை வாய்த்தது அப்படித்தான்.

பெயர் வேண்டாம், மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். போலந்துக்கு அவர் வந்ததே அதற்குத்தான். வயது முப்பத்துநாலு. ஊரில் தென்னந்தோப்பு, வற்றாத கிணறு, டிராக்டர், மாடி வீடு எல்லாம் இருந்தன. பெண் மட்டும் கிடைக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை எல்லாப் பெண் வீட்டிலும் ஒரே கேள்வி: "மாப்பளை என்ன பண்றாருங்க?" தோப்பைக் காட்டினால், "அது சரீங்க, என்ன பண்றாருங்க?" கேட்பவரும் தோப்புக்காரர்தான். தோப்புக்காரர்களே தோப்புக்காரனுக்குப் பெண் தரமாட்டேன் என்கிற காலம். ஆகவே ஜாதகத்தோடு போகும் குறிப்பில் விவசாயம் என்ற சொல்லை அடித்துவிட்டு ஐரோப்பாவில் மேற்படிப்பு என்று எழுதுவதற்காக அவர் என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் பத்துப் பேரை வேலை வாங்கியவர், கிடங்கில் பத்துப் பேரிடம் திட்டு வாங்கினார். அறையில் சமையல் என் பொறுப்பு. அவருக்குத் தோசையைத் திருப்பிப் போடத் தெரியாது. சாப்பிடத் தெரியும்.

வைத்தியம் பலித்தது. உடுமலைப் பக்கத்துப் பெண் ஒன்று அமைந்தது. வியன்னாவில் மேற்படிப்பு படிக்கிறாள். நிஜமாகவே படிக்கிறவள். "ரெண்டு பேரும் ஐரோப்பாவுலதான இருக்கறாங்க, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரட்டும்" என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஐரோப்பா என்பது அவர்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவைவிடக் கொஞ்சம் பெரியது. இந்த இடமும் தட்டிப்போனால் ஜாதகத்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஜோக்கடிக்கிற மனிதர் கண்ணாடி முன்னால் நின்று முன்மண்டையில் முடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பெண் பார்க்க ஒருவராகப் போகக்கூடாது. மூவராகவும் கூடாது. இரண்டாவது ஆளாக நான்தான் கிடைத்தேன். வீடியோ அழைப்பில் அம்மா என்னை நேர்முகத் தேர்வு செய்தார்.

"ஏனுங் தம்பி, நீங்க எந்த ஊருங்க?"

"சூரியநெல்லிங்கம்மா. மூணாறுக்கு அங்கிட்டு. தோட்டம்."

அவர் முகம் மலர்ந்தது. "தோட்டமுங்களா? எத்தன ஏக்கரா இருக்குமுங்க?"

"கண்ணுக்கெட்டுற வரைக்கும் இருக்கும்மா. நாங்க அதுல கொளுந்து பறிக்கிறவுக."

மலர்ந்த முகம் சுருங்கியது. "அப்ப நீங்க..." என்று இழுத்தார். அந்த இழுப்புக்குப் பின்னால் என்ன கேள்வி வரும் என்பது தமிழில் பேசத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து, "அம்மா, இங்க வேற ஆளில்லம்மா" என்றார். அம்மா யோசித்தார். பிறகு பெரிய மனது பண்ணினார்.

"ஆராச்சும் கேட்டா எங்க பங்காளி ஊட்டுப் பையன்னு சொல்லீருங்க தம்பி. ரெண்டு நாளைக்குத்தான."

ஆக, ஒரு வார இறுதிக்கு எனக்குச் சாதி மாற்றம் கிடைத்தது. எருத்தேன்பதியில் அவர்கள் வீட்டுக்குள் நான் எந்த நிலைப்படி வரைக்கும் போயிருப்பேன் என்று தெரியாது. போலந்திலிருந்து வியன்னா வரை பங்காளியாகவே போனேன். எல்லைகளில் யாரும் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மாப்பிள்ளை எனக்குப் பாடம் நடத்தினார். அவர்கள் ஆட்களுக்குள் கூட்டம் கூட்டமாகப் பிரிவு உண்டு. ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அதனால் ஒரே கூட்டத்துக்குள் கட்டிக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளையின் கூட்டம் ஒன்று, பெண்ணின் கூட்டம் வேறொன்று. இரண்டு பெயரையும் சொல்லித் தந்தார். நானும் திருப்பிச் சொன்னேன். ஜீப் ஓட்டிய நாட்களில் சுற்றுலாக்காரர்கள் எந்த மலையைக் காட்டி என்ன மலை என்று கேட்டாலும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிடுவேன். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள். கூட்டத்தின் பெயரும் அதுபோல ஒரு சமாசாரம் என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பெண் வரச் சொல்லியிருந்தாள். அந்த நேரம் எமகண்டம் என்று மாப்பிள்ளை பதறினார். ஊரிலிருந்து ஜோசியர், இந்திய நேரப்படி அப்போது சாயங்காலம் ஆகிவிடும், தோஷமில்லை என்று சொல்லியனுப்பினார். எமன் எந்த ஊர்க் கடிகாரம் கட்டியிருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

வெறுங்கையோடு போகக்கூடாது, பூவும் பழமும் வெற்றிலையும் வேண்டும் என்பது அம்மாவின் அடுத்த உத்தரவு. பழம் கிடைத்தது. வெற்றிலைக்கு அலைந்து அலுத்துப்போனோம். மல்லிகைக்கும் வழியில்லை. அப்போதுதான் ஒரு பூக்கடை வாசலில் வாளி வாளியாகச் செவ்வந்தி நின்றது. மஞ்சள், வெள்ளை, அரக்கு. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரப்பா, நம்பூரு முகூர்த்தப் பூவு! இங்கயும் இதத்தான் வெக்கறாங்களாட்டருக்குது." கடைக்கார அம்மாள் அவர் கலங்கிய கண்ணைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை, "ஃபேமிலி, ஃபேமிலி" என்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு பெரிய கொத்தைக் கறுப்பு நாடாவால் கட்டிக் கொடுத்தார்.

டிராமில் ஏறினால் பெட்டி முழுக்கச் செவ்வந்தி. கிழவர்கள், கிழவிகள், நடுவயதுத் தம்பதிகள், எல்லோர் மடியிலும் செவ்வந்தி. எல்லோரும் நல்ல கோட்டுப் போட்டிருந்தார்கள், கறுப்பில். மாப்பிள்ளையால் உட்கார முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேமராவைத் திருப்பிக் காட்டினார். "அம்மா, பாருங்க, இன்னைக்கு இங்கயும் முகூர்த்த நாளாட்டருக்குது. ஊரே பூவோட போகுது." அம்மா அங்கே கையெடுத்துக் கும்பிட்டார். "இதுக்கு மேல என்னடா கண்ணு சகுனம் வேணும்?" என்றார். பக்கத்தில் இருந்த கிழவி மாப்பிள்ளையின் முழங்கையை மெல்லத் தட்டிக் கொடுத்து, எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். "என்ன மரியாதை பாரு" என்றார் மாப்பிள்ளை.

பெண் சொன்ன நிறுத்தத்தில் டிராமே காலியானது. எல்லோரும் சாலையோரமாக நடந்து ஒரு பெரிய வாசலுக்குள் போனார்கள். நாங்களும் கூட்டத்தோடு கொஞ்சம் உள்ளே போய்விட்டோம். இரண்டு பக்கமும் சிலுவைகள். கல்லில் பெயர்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுவர்த்திகள். ஒவ்வொரு கல்லின் மேலும் செவ்வந்தி. இறந்தவர்களைக் கும்பிடுகிற நாட்களாம் அவை, பிறகு தெரிந்தது.

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். அழைப்பைத் துண்டிக்கவும் மறந்திருந்தார்.

"அதென்ன கண்ணு, பின்னால கோபுரம்?" என்றார் அம்மா கைப்பேசிக்குள்ளிருந்து.

"கோ... கோயிலும்மா."

"ஒரு கும்புடு போட்டுட்டுப் போ சாமி. மொதல்ல சாமி, பொறவு பொண்ணு."

மாப்பிள்ளை வியன்னாவின் மொத்தப் பிணங்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். அழைப்பு முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

நான் ஆறுதல் சொன்னேன். "சவம் எதுக்க வந்தா நல்ல சகுனம்னு சொல்லுவாகல்லண்ணே. இங்கன ஒரு ஊரே படுத்துக் கெடக்கு."

"வாயக் கழுவுப்பா."

பெண் சொன்ன காபிக் கடை அந்த வாசலுக்கு எதிரே இருந்தது. கல்லறைக்கு வந்துபோகிறவர்கள் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்கிற இடம். நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்த சற்று நேரத்தில், தலை குனிந்து, தட்டில் இரண்டு காபியோடு ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். மாப்பிள்ளை எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் காபியை வைத்து, "வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "எந்த தேசம் போனாலும் வளப்பு வளப்புதான். தட்டுல காப்பி கொண்டாந்து வெக்கறா பாரு."

அவள் அடுத்த மேசையில் நாலு கிழவர்களுக்குத் தட்டில் காபி கொண்டுவந்து வைத்தாள். அதற்கடுத்த மேசையிலும் வைத்தாள். வார இறுதியில் அவளுக்கு அங்கே வேலை. அந்தக் கணக்கில் அன்று அவளைப் பெண் பார்த்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

கொஞ்சம் கூட்டம் தணிந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பூங்கொத்தைப் பார்த்தாள். கறுப்பு நாடாவையும் பார்த்தாள்.

"யாருங்க தவறிப்போயிட்டாங்க?" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். டிராம் முகூர்த்தம் வரைக்கும் சொன்னதும் அவள் மேசையில் குனிந்து சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை. அடக்க முடியாமல் சிரித்தாள். மாப்பிள்ளையும் வேறு வழியின்றிச் சேர்ந்து சிரிக்க, அங்கே ஒரு இறுக்கம் விட்டது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"மேல்படிப்புங்க. முடிச்சுட்டு இங்கயே செட்டில்..."

"அது எங்கப்பனுக்குச் சொல்றதுங்க. நெசமா என்ன பண்றீங்க? கையில பெட்டி கிழிச்ச காயமிருக்குது."

மாப்பிள்ளை கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. "தென்னைக்கு வெள்ளை ஈ வந்திருச்சுன்னு எங்கப்பா சொல்லிட்டிருந்தாருங்க. உங்க பக்கம் எப்படிங்க?"

அந்தக் கேள்விதான். மாப்பிள்ளை கையை வெளியே எடுத்தார். ஓலையின் அடியில் ஈ எப்படி ஒட்டும், மேலே எப்படிக் கரும்பூசணம் படியும், மருந்தடித்தால் ஏன் ஈயைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து சாகும், தண்ணீரை எந்தக் கோணத்தில் பீய்ச்ச வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். சர்க்கரைக் கிண்ணம் தென்னை மரமானது. கரண்டி விசைத் தெளிப்பானானது. இத்தனை மாதத்தில் நான் பார்த்திராத ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பெண்ணாக இருந்திருந்தால் அந்த நிமிஷத்தில் சரி என்றிருப்பேன். அவளும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தாள் என்று எனக்குப் பட்டது.

அப்போது அவள் அப்பா வீடியோவில் வந்தார். தென்னை மரமாக இருந்த கிண்ணத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். வணக்கம், சௌக்கியம் எல்லாம் முடிந்தது. பெரியவர் என்னைக் கவனித்தார்.

"தம்பி ஆருங்க?"

"பங்காளி ஊட்டுப் பையனுங்க" என்றார் மாப்பிள்ளை, முந்திக்கொண்டு.

"ஆமாங்கய்யா. சின்னதுலருந்து ஒண்ணாத்தான் வளந்தோம்" என்றேன். தேவையில்லாத மசாலா. அடுப்படியில் வேலை செய்தவன் கை சும்மா இருக்காது.

"பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாட்டத் தெரியிலீங்களே தம்பி. தெக்கத்திப் பேச்சாட்ட இருக்குதுங்க. எந்தக் கூட்டமுங்க?"

பஸ்ஸில் படித்த இரண்டு பெயரும் தொண்டை வரை வந்தன. ஒன்றைச் சொன்னேன்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, அது நம்ம கூட்டமுங்களே! அப்பறம் மாப்பளையும் நம்ம பங்காளியாப் போச்சுங்களே. இது எப்படிங்க? தரகர் வேறயல்ல சொன்னாரு?" பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் குரல், "அய்யய்யோ, அண்ணந் தங்கச்சி ஆகுதுங்களே" என்றது.

மாப்பிள்ளை கைப்பேசியைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். "இல்லீங்க, இல்லீங்க! எங்க கூட்டம் தரகர் சொன்னதுதானுங்க. இவனுக்குத் தெரியாம உளறுறானுங்க."

"சொந்தக் கூட்டம் தெரியாத பங்காளிங்களா?"

"பங்காளியே இல்லீங்க!"

"அப்பறம் ஆருங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தோழன் என்று சொல்லியிருக்கலாம், கூடப் படிப்பவன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மை. அவர் கண்ணில் பரணும் ஜாதகமும் அம்மாவும் மாறி மாறி வந்திருக்க வேண்டும்.

"ரூம்ல சமைக்கற பையனுங்க. துணைக்குக் கூட்டியாந்தனுங்க."

பெரியவருக்கு நிம்மதியாகிவிட்டது. "அதான பாத்தன்" என்றார். அவருக்கு எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. முறை சரி, கூட்டம் சரி, சமையல்காரன் சமையல்காரன். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் பெரிய வருத்தம் ஏதும் வந்ததாக நினைவில்லை. இதைவிட மோசமாகக் கூப்பிடப்பட்டிருக்கிறேன், இதைவிட மோசமான காபியோடு.

அவள்தான் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஏனுங்க," என்றாள் மாப்பிள்ளையிடம், "ஒரு காப்பி ஆறதுக்குள்ள பங்காளியச் சமையக்காரனாக்கீட்டீங்க. கட்டிட்டு வர்றவள, நெருக்கடி வந்தா, என்னன்னுங்க சொல்லுவீங்க?"

"அம்முணி, சித்த சும்மா இரு" என்றார் பெரியவர் கிண்ணத்திலிருந்து.

"இருக்கறனுங்கப்பா. எனக்கு வேலையிருக்குதுங்க."

ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னொரு காப்பி வேணுங்களா?" என்று கேட்டாள். வேணும் என்றேன். ஒன்றுதான் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் பெண் வீட்டிலிருந்து சேதி வந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ ஒரு கட்டம் இடிக்கிறதாம். பொருத்தம் பார்த்துப் பத்துக்கு எட்டு என்று அவர்களே சொன்ன ஜாதகம்தான். அம்மா கைப்பேசியில் அழுதார். "கண்ட ஆளையெல்லாம் சபைக்குக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான் ஆகும்." ஸ்பீக்கரில் இருந்தது. மாப்பிள்ளை, "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அரண்மனை வாசலில் மழைக்கு ஒதுங்கினோம். மாப்பிள்ளை என்னிடம் கைப்பேசியைக் கொடுத்து அரண்மனை முன்னால் படம் எடுக்கச் சொன்னார். தோப்புக்காரர் ஒருவர் முகத்தில் அத்தனை குளிரை நான் பார்த்ததில்லை. "சிரிங்கண்ணே" என்றேன். சிரித்தார். அந்தப் படம் அடுத்த ஜாதகத்தோடு போயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாப்பிள்ளை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதப்பா."

அடேயப்பா, வந்துவிட்டது என்று நினைத்தேன். "இல்லண்ணே" என்றேன்.

"கூட்டத்தோட பேரு மறக்கறது சகஜந்தான். நான் அப்பவே மன்னிச்சுட்டன்."

என்னைத் தோளில் தட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனார். தூக்கத்தில் ஒருதரம் வெள்ளை ஈ என்று முனகினார். அவளிடம் அதைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து ஸ்வீடனில் ஒரு பெண் இருப்பதாக அம்மா சொன்னார். காங்கேயத்துப் பக்கம், நல்ல குடும்பம். மாப்பிள்ளை கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடி என்னைக் கேட்டார்.

"நீயும் வர்றயாப்பா? ஒத்தையில போகக்கூடாது."

"வாரேண்ணே. இந்தத் தடவை என்ன முறையில வரட்டும்?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். கேலியாகக் கேட்டது அவருக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார்.